அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 19 நாள், பிபி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது

நூல்வேலி | செவ்வாய், இரவு 11.40

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டு யாராவது பதில் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பத்து வருஷமாக பிபி உண்டு. மாத்திரையை நினைத்தால் போடுவார், இல்லையென்றால் விட்டுவிடுவார். 19 நாளுக்கு முன்னால் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாகவே வழிந்திருக்கிறது. வலது கை கனக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அம்மா வாய்வுப் பிடிப்பு என்று நினைத்து வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறார். பேச்சு குழற ஆரம்பித்த பிறகுதான் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே பிபி 210/110. உடனே ஒரு கேப்சூலைக் குத்தி நாக்குக்கு அடியில் விட்டிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் 130-க்கு இறங்கிவிட்டது, இனி பயமில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அனுப்பினார்கள். ஆனால் அதுவரை பாதி தூக்க முடிந்த கையை, போகிற வழியிலேயே அப்பாவால் அசைக்க முடியாமல் போய்விட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி நேரம் கடந்துவிட்டதால் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியாது என்றார்கள். இடது பக்க மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. அங்கே முதல் இரண்டு நாள் பிபி மறுபடி 190, 195 என்று இருந்தது, அவர்களோ பிபி மாத்திரையே கொடுக்கவில்லை! தம்பி சண்டையே போட்டுவிட்டான். மூன்றாம் நாள்தான் மாத்திரை ஆரம்பித்தார்கள்.

இப்போது வீட்டில் இருக்கிறார். காலையில் 168/94, மதியம் 112/70, ராத்திரி 150. நேற்று பதினொன்றரை மணிக்கு ஃபிசியோ வந்து நிற்க வைத்தபோது கண் இருட்டி அப்படியே சாய்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஃபிசியோவை நிறுத்திவிட்டோம். அம்மா ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை பிபி பார்க்கிறார். இந்த ஏற்ற இறக்கத்தில் இன்னொரு முறை வந்துவிடுமோ என்று தூக்கமே இல்லை. இப்படி இருந்தால் கை கால் திரும்ப வருமா?

நாலாம்தளம் | புதன், காலை 6.15

தங்கச்சி, நான் பக்கவாத வார்டில் 11 வருஷமாக நர்ஸ். இரவு டூட்டி முடித்துவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் தம்பி போட்ட சண்டையை நான் வாரத்துக்கு ரெண்டு தடவையாவது பார்க்கிறேன், அவன் மேல் தப்பே இல்லை. பிபியால்தான் ஸ்ட்ரோக் வந்தது என்று சொல்லிவிட்டு அதே பிபிக்கு மருந்து தராமல் இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது. ஆனால் காரணம் இருக்கிறது. எனக்கு ஊர் டெல்டா பக்கம், அதனால் வாய்க்கால் கணக்கில் சொல்கிறேன். வாய்க்காலில் அடைப்பு விழுந்தால் அதை ஒட்டிய வயல் முதலில் காய்ந்துவிடும், அதைக் காப்பாற்ற முடியாது. அதைச் சுற்றியுள்ள வயல்களுக்கு வேறு சின்னச் சின்ன வாய்க்கால் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருக்கும். பயிர் வாடியிருக்கும், செத்திருக்காது. அந்த நேரத்தில் தலைமடையில் தண்ணீர் மட்டம் உயர்ந்து நின்றால்தான் அங்கே ஏறிப் பாயும். மூளையும் அப்படித்தான். சாதாரண நாளில் பிபி கூடினாலும் குறைந்தாலும் மூளைக்குள் இருக்கும் ரத்தக் குழாய்கள் தாங்களே சுருங்கி விரிந்து ஓட்டத்தைச் சமமாக வைத்துக்கொள்ளும். அடைப்பு விழுந்த இடத்தைச் சுற்றி அந்தத் திறமை போய்விடும். வெளியே பிபி எவ்வளவோ அவ்வளவுதான் உள்ளே ரத்தம். அதனால்தான் ஊசி போடாத நோயாளிக்கு, இதயக் கோளாறு மாதிரி வேறு அவசரம் ஏதும் இல்லையென்றால், முதல் ஓரிரு நாள் 220/120 வரைகூட மருந்து கொடுத்து இறக்காமல் கவனித்துக்கொண்டு இருப்போம். பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே இறங்கும்.

எங்கள் வார்டில் பொதுவாக நான் பார்த்தது, இதை உட்கார்ந்து சொல்ல யாருக்கும் நேரம் இல்லை. அதுதான் வருத்தம்.

நூல்வேலி | புதன், காலை 7.02

அக்கா, படித்துவிட்டு அழுதுவிட்டேன். அப்படியென்றால் அந்த கிளினிக்கில் 210-ஐ 130-க்கு இறக்கியதால்தான் கை போய்விட்டதா? நான்தான் போனில் 'சீக்கிரம் பிபியைக் குறைக்கச் சொல்லுங்க' என்று கத்தினேன்.

வெண்கலமணி | புதன், காலை 9.30

அம்மா, நான் ஓய்வுபெற்ற பொது மருத்துவர். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரையால்தான் கை போனது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடைப்பு வந்த முதல் சில மணி நேரத்தில் எந்த மருந்தும் கொடுக்காமலேயே பலருக்கு நிலைமை மோசமாகும். நீ கத்தியதால் எதுவும் நடக்கவில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு திரியாதே.

ஆனால் நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் என்ற பிபி மருந்துக் கேப்சூலைக் குத்தி விடும் பழக்கம் தவறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 80-களில் நானும் அதைச் செய்திருக்கிறேன், அப்போது எல்லோரும் செய்தோம். பிபி எவ்வளவு வேகமாக, எந்த அளவுக்கு இறங்கும் என்று நம் கையில் கட்டுப்பாடே கிடையாது. அதனால் பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததாக 90-களிலேயே எழுதிவிட்டார்கள். இன்னும் எங்கெங்கோ அது நடக்கிறது என்பதைக் கேட்டால் வயிறு எரிகிறது.

முதல் நாட்களில் பிபியைக் குறைப்பதால் லாபம் உண்டா என்று பெரிய அளவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் 2,029 பேரிடம் கேண்டிசார்டன் என்ற பிபி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், 2011-இல் முடிவு வந்தது, பலன் இல்லை. சீனாவில் அடைப்பு வகை பக்கவாதம் வந்த 4,071 பேரிடம் பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள், இறப்பிலோ ஊனத்திலோ வித்தியாசம் இல்லை. 2024-இல் வந்த இன்னொரு சீன ஆய்வுதான் உன் கதைக்கு மிக அருகில் வருகிறது. ஆம்புலன்சிலேயே பிபியைக் குறைத்தார்கள். மூளையில் ரத்தம் கசிந்தவர்களுக்கு அது நல்லதாக முடிந்தது, அடைப்பு வந்தவர்களுக்குக் கெடுதலாக முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள், வாய் கோணும், கை விழும். ஸ்கேன் எடுக்காமல் எது என்று தெரியாது. ஸ்கேனுக்கு முன்னால் பிபியில் கை வைக்காதே என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

கொடிக்கால் | புதன், மதியம் 1.18

மன்னிக்கவும் டாக்டர் ஐயா, இதை என்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எங்கள் பெரியப்பாவுக்கு கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள், அன்று ராத்திரி பிபி 200-க்கு மேல் போனது, மறுநாள் மூளையில் ரத்தக் கசிவு, நாலாம் நாள் போய்விட்டார். உயர்ந்த பிபி நல்லது என்று இங்கே படித்துவிட்டு யாராவது வீட்டில் சும்மா இருந்துவிட்டால் என்ன ஆவது?

வெண்கலமணி | புதன், மதியம் 2.05

நீங்கள் சொல்வது சரி, நான் அதைச் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும். பெரியப்பாவுக்கு நடந்தது மிகவும் வருத்தமானது.

ஊசி போட்டவர்களுக்குக் கணக்கே வேறு. போடுவதற்கு முன்னால் 185/110-க்குக் கீழே கொண்டுவர வேண்டும், போட்ட பிறகு 24 மணி நேரம் 180/105-க்குள் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த மருந்து மூளையில் ரத்தம் கசியும் வாய்ப்பைக் கூட்டும். குழாய் விட்டுக் கட்டியை வெளியே எடுத்தவர்களுக்கும் அதே 180/105 வரம்புதான். அடைப்பு நீங்கிவிட்டதே, இன்னும் இறக்கலாமே என்று நினைத்து சீனாவில் 120-க்குக் கீழே இறக்கிப் பார்த்தார்கள். நோயாளிகள் மோசமானதால் ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று, 2022-இல் அது வெளிவந்தது. தென் கொரியாவில் 140-க்குக் கீழே இறக்கியவர்களுக்கும் நல்லதாக முடியவில்லை.

நாலாம்தளம் சொன்ன 220 வரையிலான பொறுமை ஊசி போடாதவர்களுக்கு, ஆஸ்பத்திரிப் படுக்கையில், மணிக்கு மணி பார்க்க ஆள் இருக்கும்போது மட்டும். வீட்டில் உட்கார்ந்து செய்கிற காரியம் அல்ல. நூல்வேலியின் அப்பா இப்போது அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். அவருக்கு இனிமேல் பிபி குறைந்தே இருக்க வேண்டும், பொதுவாக 130/80-க்குக் கீழே, ஆனால் நிதானமாக, வாரக்கணக்கில். முன்பு பக்கவாதம் வந்த 6,105 பேரிடம் பிபி மாத்திரை கொடுத்து நாலு வருஷம் கவனித்த ஆய்வு 2001-இல் வந்தது, மறுபடி பக்கவாதம் வருவது 28 சதவீதம் குறைந்தது. முதல் நாளில் 190-ஐப் பார்த்துப் பயந்தவர்கள் ஆறு மாதம் கழித்து 150-ஐப் பார்த்து 'பரவாயில்லை, வயசாகுதுல்ல' என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

மழைக்காலம் | புதன், இரவு 8.50

அம்மாவை மூன்று வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். நூல்வேலி, ஒரு கேள்வி. அப்பா போடுகிற எல்லா மாத்திரையையும், நேரத்தோடு, அப்படியே எழுதுங்கள். ஆஸ்பத்திரி சீட்டில் இருப்பது மட்டும் வேண்டாம். மெடிக்கலில் கேட்டு வாங்கியது, பழைய டாக்டர் கொடுத்தது எல்லாமே. எங்கள் அம்மாவின் பிபி ஆட்டத்துக்கு விடை அங்கேதான் இருந்தது.

நூல்வேலி | புதன், இரவு 9.25

காலை எட்டரைக்கு இட்லி சாப்பிட்டதும் எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறோம், மறக்காமல் இருக்கும் என்று. அம்லோடிபின் 5, டெல்மிசார்டன் 40, ஆஸ்பிரின். அப்புறம் ப்ராஸ்டேட்டுக்கு இரண்டு வருஷமாகப் போடும் டாம்சுலோசின், அதுவும் காலையில்தான். ராத்திரி கொழுப்புக்கு அடார்வாஸ்டாடின். வலது தோள்பட்டை வலி தாங்க முடியவில்லை என்கிறார், அதற்கு மெடிக்கலில் அசிக்ளோஃபினாக் வாங்கி சாயங்காலம் ஒன்று கொடுக்கிறோம், பத்து நாளாக.

மழைக்காலம் | புதன், இரவு 9.41

நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த ப்ராஸ்டேட் மாத்திரை பிபியை இறக்கும், குறிப்பாக எழுந்து நிற்கும்போது. பிபி மாத்திரை இரண்டும் அதுவும் ஒரே நேரத்தில் உள்ளே போகிறது, மூன்று மணி நேரத்தில் ஃபிசியோ வந்து நிற்க வைக்கிறார். சாயங்காலம் போடும் வலி மாத்திரையோ பிபியை ஏற்றும். எங்கள் அம்மாவுக்கு இதே தோள் வலி, இதே மாதிரி வலி மாத்திரை. நிறுத்தியதும் பத்துப் பாயிண்ட் இறங்கியது.

வெண்கலமணி | புதன், இரவு 10.10

மழைக்காலம் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். அந்த வலி மாத்திரையை இன்றே நிறுத்திவிடு அம்மா. ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் புண், ரத்தக் கசிவு, டெல்மிசார்டனோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு, போதாததற்கு பிபியும் ஏறும். மற்ற மாத்திரைகளில் நீங்களாக எதையும் மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். முழுப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் டாக்டரைப் பார்த்து, எதை எந்த நேரத்தில் போடலாம் என்று கேளுங்கள். ப்ராஸ்டேட் மாத்திரை அவருக்குத் தெரியாமலேகூட இருக்கலாம்.

நாலாம்தளம் | வியாழன், காலை 6.40

பிபி பார்ப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். பதினைந்து தடவை வேண்டாம் தங்கச்சி. ஒவ்வொரு தடவையும் பட்டி இறுகும்போது அப்பா அம்மாவின் முகத்தைப் பார்ப்பார், அம்மா முகம் மாறினால் அவருக்கு அடுத்த ரீடிங் இன்னும் ஏறும். காலையில் மாத்திரைக்கு முன்னால், சிறுநீர் கழித்த பிறகு. அப்புறம் ராத்திரி படுக்கும் முன். ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை. பார்ப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் காபி, டீ கூடாது. முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். கையைத் தலையணையில் நெஞ்சு உயரத்துக்கு வைக்க வேண்டும்.

முக்கியமானது, நல்ல கையில் பாருங்கள். விழுந்த கை தொளதொள என்று இருந்தாலும் விறைத்திருந்தாலும் ரீடிங் தப்பாக வரலாம். எந்தக் கையில் பார்க்கிறீர்கள்?

தலைசுற்றல் இருப்பதால் நின்ற பிபியும் பார்க்க வேண்டும். படுத்திருக்கும்போது ஒன்று, எழுந்து நின்ற ஒரு நிமிஷத்தில் ஒன்று, மூன்றாவது நிமிஷத்தில் ஒன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதைத் தனியாகக் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். கட்டாயம் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

நூல்வேலி | வியாழன், காலை 7.15

அய்யோ அக்கா, வலது கையில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல கையைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அம்மா சொன்னார்.

கைத்தாங்கல் | வியாழன், காலை 11.00

ஃபிசியோதெரபிஸ்ட் எழுதுகிறேன். சிகிச்சையை நிறுத்திவிட்டீர்கள் என்று படித்ததும் மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் பதற வைத்தது. முதல் மூன்று மாதத்தில் மூளை வேகமாகக் கற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு, ஒரு வருஷம் கழித்து விரல் அசைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன், ஆனால் இந்த நாட்களின் வேகம் வராது. தலைசுற்றலுக்குப் பயந்து படுக்க வைத்தால் உடம்பு எழுந்து நிற்பதையே மறந்துவிடும், அப்புறம் நிற்கும்போது பிபி இன்னும் விழும்.

அவசரமும் கூடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் நோயாளிகளை எழுப்பி நிறைய நேரம் நடமாட வைத்தால் நல்லது என்று எங்கள் துறையில் பலர் நம்பினோம். 2,104 பேரிடம் செய்து பார்த்த ஆய்வு 2015-இல் வந்தபோது முடிவு நேர்மாறாக இருந்தது, வழக்கமான வேகத்தில் எழுப்பியவர்களே மேலாக இருந்தார்கள். 19 நாள் ஆன உங்கள் அப்பாவுக்கு அந்தக் கவலை இல்லை.

எழுப்புகிற முறையை மாற்றுங்கள். படுத்த நிலையிலிருந்து நேராக நிற்க வைக்காதீர்கள். தலைமாட்டை உயர்த்திக் கொஞ்ச நேரம், கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு இரண்டு மூன்று நிமிஷம், அந்த நேரத்தில் நல்ல காலின் பாதத்தை மேலும் கீழுமாக இருபது முப்பது தடவை ஆட்டட்டும், கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். அதன் பிறகு நிற்கலாம். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் வேண்டாம், சாப்பாட்டுக்குப் பிறகும் பிபி இறங்கும். தண்ணீர் போதுமான அளவு குடிக்கிறாரா என்று பாருங்கள். பாத்ரூமுக்குத் தூக்கிப் போவது சிரமம் என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் நோயாளிகள் நிறைய பேர், வெளியே சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் அந்தத் தோள். அவரை எழுப்பும்போது யாராவது வலது கையைப் பிடித்து அல்லது அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறீர்களா? பத்தில் எட்டு வீட்டில் இதைத்தான் பார்க்கிறேன். தாங்கிப் பிடிக்கும் தசை வலுவிழந்து இருப்பதால் மூட்டு கீழே இறங்கியிருக்கும், இழுத்தால் வலிக்கத்தான் செய்யும். இடுப்பைப் பிடித்துத் தூக்குங்கள், உட்காரும்போது கைக்குக் கீழே தலையணை வையுங்கள்.

வேப்பம்பூ | வியாழன், மாலை 4.30

எங்கள் ஊரில் புறா ரத்தம் தேய்த்தால் பக்கவாதம் சரியாகும் என்று கூட்டிப் போகிறார்கள், உங்கள் மாமியார் வீட்டிலும் யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அதில் இரண்டு மாதத்தை விட்டுவிடாதீர்கள். எங்கள் சித்தப்பாவுக்கு அப்படித்தான் போனது. இன்னொன்று, சாப்பாட்டில் இந்துப்பு சேர்த்தால் பிபி ஏறாது என்கிறார்களே, உண்மையா?

வெண்கலமணி | வியாழன், மாலை 6.20

இல்லை. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். பிபியைக் குறைக்கும் உப்பு வேறு, அதில் ஒரு பகுதி பொட்டாசியம் இருக்கும். சீனாவில் 600 கிராமங்களில் 75 சதவீதம் சோடியமும் 25 சதவீதம் பொட்டாசியமும் கலந்த உப்பைக் கொடுத்தார்கள், பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, 2021-இல் வந்த முடிவு. ஆனால் டெல்மிசார்டன் போடுபவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம், அதனால் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்காதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், இந்த நாலையும் குறைத்தாலே போதும்.

கொடிக்கால் | வியாழன், இரவு 9.15

டாக்டர் ஐயா, நேற்று சூடாக எழுதிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரு சந்தேகம். சராசரி சரியாக இருந்து இப்படி ஏறி இறங்கினால் அதுவே ஆபத்தா?

வெண்கலமணி | வியாழன், இரவு 9.50

நல்ல கேள்வி. ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ராத்வெல் 2010-இல் இதைத்தான் எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு முறை டாக்டரிடம் போகும்போதும் பிபி ஒவ்வொரு மாதிரி இருப்பவர்களுக்கு, சராசரி எப்படி இருந்தாலும், பக்கவாதம் அதிகம் வருகிறது. அம்லோடிபின் வகை மாத்திரைகள் அந்த ஆட்டத்தைக் குறைக்கின்றன, அட்டினோலால் போன்ற வேறு வகை பிபி மாத்திரைகள் அந்த விஷயத்தில் பின்தங்கியவை. ஆனால் அவர் சொன்னது வாரம், மாத இடைவெளியில் வரும் மாற்றத்தை. மலம் கழிக்க முக்கினால், வலித்தால், பேரன் கத்தினால் பத்து இருபது ஏறுவது எல்லோருக்கும் நடக்கும். வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான், ஒரு வேளைகூட மாத்திரை தவறாமல் பார்த்துக்கொள்வது. நினைத்தால் போடுவார், இல்லையென்றால் விட்டுவிடுவார் என்று முதல் பதிவில் நூல்வேலி எழுதியிருந்தாளே, அதைப் படித்ததும் எனக்கு அதுதான் உறுத்தியது.

நூல்வேலி | பதினேழு நாள் கழித்து, ஞாயிறு, இரவு 10.05

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன்.

நல்ல கையில் பார்க்க ஆரம்பித்த அன்றே காலை ரீடிங் 156 என்று வந்தது. நின்ற பிபி எடுத்தோம், படுக்கையில் 138, நின்ற ஒரு நிமிஷத்தில் 108. அந்தத் தாளை டாக்டரிடம் காட்டினேன். ப்ராஸ்டேட் மாத்திரை போடுவது அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அதை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினார், டெல்மிசார்டனையும் ராத்திரிக்கு மாற்றினார். ராத்திரியில் சிறுநீருக்கு எழுந்து நிற்கவே கூடாது, கட்டிலுக்குப் பக்கத்தில் யூரின் கேன் வையுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். வலி மாத்திரையை நிறுத்திவிட்டோம். அப்பாவை அக்குளில் பிடித்துத் தூக்கியது நான்தான், கைத்தாங்கல் சொன்ன பிறகுதான் தெரிந்தது. இப்போது தோள் வலி பாதி இல்லை.

இந்த வாரம் காலையில் 130-லிருந்து 142 வரை, ராத்திரி 126-லிருந்து 138 வரை. மதியம் பார்ப்பதில்லை. இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும், அவசரம் இல்லை என்றார் டாக்டர். நின்றால் இப்போது பத்துதான் குறைகிறது. மாதம் தவறாமல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்து அக்கா வீட்டுக்கே பிபி மாத்திரை கொண்டுவந்து தருகிறார், தீர்ந்துபோய்விட்டது என்ற சாக்கும் இனி இல்லை. அட்டவணையில் அப்பாவே இடது கையால் டிக் போடுகிறார், பழைய டிக்கெட் பஞ்ச் பண்ணுகிற மாதிரி இருக்கிறதாம்.

ஃபிசியோ தினமும் வருகிறார். வாசல் வரை வாக்கரில் நடக்கிறார். கையில் இன்னும் பெரிதாக எதுவும் வரவில்லை, வெள்ளிக்கிழமை கட்டை விரல் லேசாக உள்ளே மடங்கியது. அம்மா மூன்று தடவை செய்யச் சொல்லிப் பார்த்தார்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அப்பா பயங்கரமாகக் குறட்டை விடுவார், நடுவில் மூச்சு நின்று திணறி எழுவார் என்று அம்மா டாக்டரிடம் சொன்னார். காலை பிபி ஏறுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், பக்கவாதம் வந்தவர்களில் நிறைய பேருக்கு இது இருக்கும் என்று தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். யாராவது செய்திருக்கிறீர்களா? ஒரு கை வராதவரை ராத்திரி முழுக்க அங்கே படுக்க வைக்க வேண்டுமா?

மழைக்காலம் | ஞாயிறு, இரவு 10.32

அம்மாவுக்குச் செய்தோம். வீட்டிலேயே செய்கிற மாதிரி சின்ன மெஷின் கொடுப்பார்கள், விரலில் ஒன்று, மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை. விரல் கிளிப்பை இடது கையில் போடச் சொல்லுங்கள். அன்று ராத்திரி நீங்கள் பக்கத்திலேயே படுங்கள், தூக்கத்தில் அவர் பிய்த்துப் போட்டுவிடுவார். அந்தக் கட்டை விரலை நாளைக்கும் மடக்கச் சொல்லிப் பாருங்கள்.